குட்டித்துரையின் கன்னக்குழி

உங்கள் மேஜையில் ஜன்னலோரமாகக் கிடக்கிற தீப்பெட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஐப்பசி ஈரக்காற்றுப் பட்டால் பக்கவாட்டு மருந்து இளகிவிடும். அப்புறம் பத்துக் குச்சி உரசினால் ஒன்று பற்றும். வைவதென்னவோ எங்களைத்தான் வைவீர்கள். அது எங்கள் ஆபீஸ் சரக்கு. இந்தப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நீங்கள் கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்பதால் சொல்கிறேன்.

ஏட்டு எழுதிக்கொள்ளட்டும் என்றீர்கள். நான்தான் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தேன். கோழி கிண்டின குப்பை மாதிரி இருக்கிறது. என் வாழ்க்கையில் நடந்ததை அப்படி ஒரு கையெழுத்தில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

அந்த லேபிளில் சிரிக்கிற சிறுபிள்ளை என் மகள் முத்துச்செல்வி. படம் எடுக்கும்போது அவளுக்கு ஆறு வயது. இப்போது இருபத்திரண்டு. ஆறு நாளாகப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தீக்காயத்தோடு படுத்திருக்கிறாள். அதற்குக் காரணம் என்று எங்கள் ஆபீஸில் லேபிள் ஒட்டுகிற சீனித்தாயைக் கொண்டுவந்து பக்கத்து மகளிர் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். மகளிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. என்னிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் பூவனநாதன். அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. என் அப்பா சாமித்துரை 1956இல் வீட்டுக் கொல்லையில் ஓலைக் கொட்டகை போட்டு ஆபீஸ் ஆரம்பித்தபோது எனக்கு நாலு வயது. மற்றவர்களெல்லாம் லேபிளுக்கு மயில், மான், முருகன் என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா, "சாமிய எல்லாவனும் போடுதான். நான் எம் மவனப் போடுதேன்" என்று சொல்லி என்னை ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். தலையில் இரவல் வெல்வெட் தொப்பி, கையில் காகித ரோஜா. அந்தப் படத்தைச் சிவகாசி அச்சாபீஸில் கொடுத்துக் கலர் ஏற்றி, குட்டித்துரை மார்க் தீப்பெட்டி வெளியே வந்தது.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் இந்தக் கரிசல் காட்டில் விளக்கேற்றினவர்களும் அடுப்புப் பற்றவைத்தவர்களும் பீடி குடித்தவர்களும் என் முகத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அதைச் செய்தார்கள். டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "குட்டித்துரைக்கு ஒரு எடம் விடுங்க" என்பார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஓங்கின பிரம்பைக் கீழே போட்டுவிட்டு, "ஒன்ன அடிச்சா எங்க வீட்டுல அடுப்பு எரியாதுலே" என்பார். ஆபீஸுக்கு யார் வந்தாலும் அப்பா என்னைப் பக்கத்தில் நிறுத்தி, பெட்டியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "லேபிளப் பாருங்க, பயலப் பாருங்க" என்பார். வந்தவர்கள் இரண்டையும் பார்த்துச் சிரிப்பார்கள். அப்பாவுக்கு என்னிடம் வேறு பேச்சு இருந்ததாக ஞாபகமில்லை. எனக்கும் வேறு பேச்சு தேவைப்படவில்லை.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. லேபிளில் இருக்கிற குட்டித்துரைக்கு இடது கன்னத்தில் அழகாகக் குழி விழும். எனக்கு விழாது. அச்சாபீஸில் கலர் ஏற்றின ஆள் யாரோ, பிள்ளை முகம் எடுப்பாக இருக்கட்டும் என்று தூரிகையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறான். ஏழு வயதில் ஒருநாள் லேபிளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கண்டுபிடித்தேன். வேறு பிள்ளையாக இருந்தால் படம் தப்பு என்று நினைத்திருக்கும். படத்தில் இருப்பவன்தான் நான், கண்ணாடியில் இருப்பவனிடம்தான் குறை என்று எனக்குப் பட்டது.

அதனால் பழகிக்கொண்டேன். கன்னத்தின் உட்சதையைக் கடைவாய்ப்பல்லால் லேசாகக் கடித்துப் பிடித்துக்கொண்டு சிரித்தால் குழி விழும். முதலில் ரத்தம் வந்தது. ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. யார் எதிரே வந்தாலும் அவர்கள் என்னைப் பார்ப்பதற்குள் கடித்துக்கொள்வேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, வாய்க்குள் அந்த இடம் காய்ப்புக் காய்த்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் டாக்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இது என் பெண்டாட்டி காளீஸ்வரிக்குக்கூடத் தெரியாது.

காளீஸ்வரி நல்லவள். கல்யாணத்தன்று, "சின்னப் புள்ளயில ஒங்க படத்த வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருந்தேன்" என்று சொன்னாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

செல்வி 1980இல் பிறந்தாள். தொட்டிலில் கிடக்கும்போதே அவளுக்கு இடது கன்னத்தில் குழி விழுந்தது. பார்க்க வந்த பொம்பளைகள் எல்லாரும், "அப்பன உரிச்சு வச்சிருக்கு" என்றார்கள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வாரம் போயிருக்கும். மத்தியான வேளை, தொட்டிலைக் குனிந்து பார்த்தேன். தூக்கத்தில் எதையோ நினைத்துச் சிரித்தாள், குழி விழுந்தது. தூக்கத்தில். யாரும் பார்க்கவில்லை, அவளும் கடிக்கவில்லை, கடிக்கப் பல்லும் கிடையாது. எனக்கு வாய்க்குள் அந்த இடம் வலித்தது. நான் தொட்டிலை வேகமாக ஆட்டினேன், அவள் விழித்து அழுதாள், குழி போயிற்று.

இதைப் பொறாமை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. பொறாமை அடுத்தவன் பொருள்மேல் வருவது. என் பொருள் என்னைவிட்டுப் போய் இன்னொருவர் முகத்தில் உட்கார்ந்திருந்தால் அதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. எரிந்தது, அதுமட்டும் தெரியும்.

1986இல் மதுரை ஏஜெண்ட் வந்தார். சரக்கு மந்தமாக இருந்த வருஷம். லேபிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொகம் பழசாப் போச்சு முதலாளி" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். முப்பத்திநாலு வயது எனக்கு. செல்வி வாசல்படியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார், அவள் சிரித்தாள். "இந்தப் பாப்பாவப் போடுங்க" என்றார். அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

செல்வி மார்க் போன வேகத்தை ஊரே பார்த்தது. ஒரு கொட்டகை இரண்டாயிற்று. அப்பா புதிதாக யார் வந்தாலும் பேத்தியைப் பக்கத்தில் நிறுத்தி, பெட்டியை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "லேபிளப் பாருங்க, புள்ளயப் பாருங்க" என்றார். ஒரு வார்த்தைதான் மாறியிருந்தது. நான் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

குட்டித்துரை லேபிள் கட்டுக்கட்டாக மிச்சம் கிடந்தது. எடைக்குப் போட்டால் காசு வராது என்று அப்பா அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டுக் கொல்லையில் வெந்நீர் அடுப்பு ஒன்று உண்டு. ஆபீஸில் கழித்துப்போட்ட குச்சிகளைப் போட்டுத்தான் எரிப்போம். காளீஸ்வரி தினமும் காலையில் என் லேபிளை ஒரு பிடி அள்ளி அந்தக் குச்சிக்கு அடியில் வைத்துப் பற்றவைத்தாள். நாற்பது நாள் என் முகத்தை எரித்துத்தான் பிள்ளைக்கு வெந்நீர் வைத்தார்கள். நான் பல் விளக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். ஓரம் முதலில் சுருளும், அப்புறம் தொப்பி, கடைசியில் கன்னம். யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை. மிச்சமிருந்த ஒரு கட்டை மட்டும் எடுத்து என் பீரோவில் பூட்டிக்கொண்டேன். இப்போதும் இருக்கிறது.

அதற்கப்புறம் நான் 'செல்வி அப்பா' ஆனேன். பஸ்ஸில், பேங்கில், கோயிலில், கயத்தாறு சந்தையில், எங்கே போனாலும் செல்வி அப்பா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். காக்கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது, கவனித்தீர்களா. அப்பா தொண்ணூற்றொன்றில் படுத்த படுக்கையானபோது நான்தான் பக்கத்தில் இருந்து எல்லாம் பார்த்தேன். கடைசி நாளில் கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தார். நான் கன்னத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். "செல்விய வரச் சொல்லுலே" என்றார்.

அவளிடம் நான் ஒரு கடுஞ்சொல் பேசினதில்லை. இதை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன், பி.எஸ்ஸி. படிக்க வைத்தேன். காளீஸ்வரி வெள்ளிக்கிழமை தோறும் அவளுக்கு உப்பும் மிளகாய்வற்றலும் சுற்றிப்போடுவாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, பேய்க்கண்ணு என்று எல்லாக் கண்ணையும் பெயர் சொல்லிச் சுற்றுவாள். அப்பன் கண்ணு என்று ஒன்று அந்தப் பட்டியலில் வராது. நான் பக்கத்தில் நின்று, "நல்லாச் சுத்து" என்பேன்.

இரண்டாயிரத்தில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம். முதலில் வந்தது தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்கிற குடும்பம். வண்டியைவிட்டு இறங்கும்போதே, "செல்வி தீப்பெட்டி வீடு இதானா" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் புதுவேட்டி கட்டி வாசலில் நின்று கும்பிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் செருப்பைக் காட்டி, "இங்கன கழட்டிப் போடலாமா" என்று கேட்டார். அப்புறம், "பொண்ணோட அப்பா உள்ள இருக்காவளா" என்றார்.

உள்ளே போய்க் காபி கொடுத்து எல்லாம் முறையாகப் பேசி அனுப்பினோம். அவர்களுக்குச் செல்வியைப் பிடித்துவிட்டது. மறுநாள் மத்தியானம் ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் முதல் மொட்டைக் கடுதாசியை எழுதினேன். இடது கையால் எழுதினேன். 'ஆறு வயதில் ஆபீஸில் நடந்த தீ விபத்தில் பெண்ணுக்கு முதுகு முழுக்க வெந்துவிட்டது. வீட்டார் மறைக்கிறார்கள். லேபிளில் முகம் மட்டும்தான் தெரியும்.' இவ்வளவுதான். தீப்பெட்டி ஊரில் தீக்காயம் என்றால் யாரும் ஏன் எப்படி என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கடைசி வரி தானாக வந்தது. எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

மொட்டைக் கடுதாசியை யாரும் நம்புவதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் யாரும் கிழித்துப் போடவும் மாட்டார்கள். தூத்துக்குடிக்காரர்கள் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்து விருதுநகர், அடுத்து சங்கரன்கோவில். மூன்றுக்கும் ஒரே கடிதம்தான். நல்ல வரியை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

ஒவ்வொரு இடமும் தட்டிப்போன பிறகு செல்வி என்னிடம் வந்து உட்காருவாள். "எப்பா, எங்கிட்ட என்ன கொறை இருக்கு, நீங்களாச்சும் சொல்லுங்க" என்பாள். கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். சிரிப்பதையும் விட்டுவிட்டாள். தெருவில் குனிந்த தலையோடு நடந்தாள். நான் தலையைத் தடவிக்கொடுத்து, "ஒனக்கு என்ன கொறை? எல்லாம் நேரந்தான்" என்பேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு. உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், ஆகையால் இதையும் சொல்கிறேன். அந்த வாரங்கள்தான் எனக்கு நல்ல வாரங்களாக இருந்தன. அப்போது அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நாலாவதாக வந்தவன் இசக்கிதுரை. கயத்தாற்றில் பள்ளிக்கூட வாத்தியார். நீங்கள் பார்த்திருப்பீர்கள், கறுப்பாக, ஒல்லியாக, முன்பல் கொஞ்சம் எடுப்பாக. அவனுக்கும் கடிதம் போட்டேன். அதை அவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். எடுத்துக் காட்டவில்லை; பையைத் தட்டிக் காட்டினான். "மாமா, மொட்டக் கடுதாசிக்குப் பயந்தா கயத்தாத்துல ஒருத்தனுக்கும் கல்யாணம் நடக்காது. முதுகுல காயம்னு எழுதியிருக்கான். இருந்தா இருக்கட்டுமே. நான் என்ன முதுகையா கட்டப்போறேன்" என்றான்.

கதவுக்குப் பின்னால் நின்ற செல்வி சிரித்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் சிரிப்பு. நான் இருந்த இடத்திலிருந்து அவள் இடது கன்னம்தான் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா. எங்கம்மாதான் கலங்கிப்போய் இருக்காவ. வெள்ளிக்கெழம எங்க அக்கா வந்து ஒருதரம் பாத்துட்டான்னா அவிய மனசு ஆறிரும். செல்விக்குச் சம்மதம்னா மட்டும்" என்றான். காளீஸ்வரி அவமானத்தில் அழுதாள். செல்வி அழவில்லை. "வரட்டும்மா. எனக்கென்ன, பாத்துட்டுப் போட்டும்" என்றாள். தை மாதம் கல்யாணம் என்று அன்றைக்கே பேச்சாயிற்று. அவன் போகும்போது செல்வி வாசல்வரை வந்தாள். இரண்டு பேரும் நின்று என்னவோ பேசிச் சிரித்தார்கள். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை.

அது திங்கட்கிழமை. என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த அக்கா வந்து முதுகைப் பார்ப்பாள், மாசுமறு இருக்காது. அப்போது கடிதம் பொய் என்று ஆகிவிடும். பொய் என்று ஆனால் எழுதினது யார் என்று தேட ஆரம்பிப்பார்கள். மூன்று நல்ல குடும்பங்கள் அதை நம்பியிருக்கின்றன. நான் எழுதின ஒரு வரி பொய்யாகிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. தீக்காயம் பட்ட பெண் என்று ஒரு பேச்சு உண்மையாகிவிட்டால் போதும். முதுகா கையா, ஆறு வயதிலா நேற்றா என்று ஊர் அளந்து பார்க்கப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சீனித்தாய் வழக்கம்போலக் கழிவுக் குச்சி மூட்டையை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து கொல்லையில் போட்டுவிட்டுப் போனாள். கழிவுக் குச்சி என்றால் மருந்து முக்காத குச்சி. வெறும் மரம், சாதுவாக எரியும். இப்போதெல்லாம் காலையில் அந்த அடுப்பைப் பற்றவைப்பது செல்விதான். புதன்கிழமை காலையில் அந்த மூட்டையில் மருந்து முக்கின குச்சியும் கலந்திருந்தது. கலந்தது நான்.

கையில் லேசாகச் சுட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். இதை அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன். முகத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அடுப்பு மந்தமாக இருந்தால் ஊதுகுழல் வைத்து ஊதுகிறவர்கள் முகத்தை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷமாக அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் பல் விளக்குகிறேன், ஆனாலும் தோன்றவில்லை.

நான் தாழ்வாரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் முதலில் ஓடினவன் நான்தான். சாக்கை எடுத்துப் போர்த்தி அணைத்தேன். என் வலது உள்ளங்கையிலும் கொப்புளம், இதோ பாருங்கள், இப்போதுதான் தோல் உரிகிறது. காளீஸ்வரியோ வந்தவர்களோ இதுவரை ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

நெருப்புச் செய்தி கேட்டு இசக்கிதுரை அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தான். நீங்கள் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். தபால் உறை ஒட்டின இடத்தில் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துவிட்டீர்கள். லேபிள் ஒட்டுகிற மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவோம். காய்ந்தால் ஓரம் நீலமாக நிற்கும். உறையை எச்சில் தொட்டு ஒட்டியிருக்கலாம்தான். சின்ன வயதிலிருந்து பழக்கம், ஒட்டுவதென்றால் என் கை அந்தப் பசை வாளிக்குத்தான் போகும். நாலு கடிதத்தையும் அப்படித்தான் ஒட்டினேன். அதில் யோசிக்க ஒன்றுமிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பசை காய்ச்சுகிறவள் சீனித்தாய். மூட்டை கொண்டுவந்தவளும் சீனித்தாய். சம்பளம் கூட்டிக் கேட்டு இரண்டு மாதம் முன்னால் என்னோடு சத்தம் போட்டவளும் அவள்தான். அதனால் அவளைக் கொண்டுபோனீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள், யாரையோ வைத்து எழுதியிருக்கிறாள் என்றீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை. நேற்று மகளிர் ஸ்டேஷன் வழியாகப் போனபோது உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "மொதலாளி, புள்ள மொகம் எப்படி இருக்கு? எம் மடியில வளந்த புள்ள மொதலாளி" என்றாள். கதவுவரை வந்துவிட்டாள். தன்னை எப்போது விடுவார்கள் என்று அவள் கேட்கவே இல்லை. அவளுக்காகத்தான் இப்போது வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஏழைப் பொம்பளை என்னால் சிரமப்படக் கூடாது. இன்னொன்றும் உண்டு. 'லேபிளில் முகம் மட்டும்தான் தெரியும்' என்ற வரியை அவளோ அவளுக்கு எழுதிக் கொடுத்த எவனோ யோசித்திருப்பான் என்று நீங்கள் நம்பினது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அதையும் சொல்லிவிட்டால் முடிந்தது.

கட்டை அவிழ்த்து மருந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் நெற்றியிலிருந்து கழுத்துவரை வெந்திருக்கிறது. வலது கையும்தான். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இசக்கிதுரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆறு நாளாகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடக்கிறானாம். வார்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவனைத் தெரிந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில் பொம்பளை எனக்குச் சொல்கிறாள், "கட்டினா இந்தப் புள்ளயத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டாரு, தங்கமான மனுசன்" என்று. நான் யார் என்று அவள் கேட்கவில்லை.

அவன் குனிந்து செல்வியிடம் மெதுவாகச் சொன்னான், "இப்பமும் சொல்லுதேன், நான் முதுகையா கட்டப்போறேன்." அவள் சிரித்தாள். வலது பக்கம் அசைய முடியாமல் இடது பக்கம் மட்டும் சிரித்தாள்.

அந்தக் குழி விழுந்தது, ஐயா. அப்படியே இருந்தது. எள்ளளவு மாறவில்லை. பாதி முகம் போன பிறகும், அவ்வளவு வலியிலும், தொட்டிலில் விழுந்த மாதிரியே விழுந்தது. அவள் எதையும் கடிக்கவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கன்னத்தைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். ரொம்ப நேரம் நின்றேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. வெளியே வந்து துப்பிவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி நேரே இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே நடந்ததற்கெல்லாம் காரணம் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. செய்துவிட்டுத் தானே வந்து ஒப்புக்கொள்வதற்கு ஒரு பெரிய மனசு வேண்டும். அதையும் ஓரிடத்தில் நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது. என் மகள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

நாளைக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும்போது பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று ஏட்டு சொன்னார். தலையில் துண்டைப் போட்டு மறைக்க வேண்டாம். பெயர் போடுகிற இடத்தில் பூவனநாதன் என்று மட்டும் போட்டால் யாருக்கும் தெரியாது, குட்டித்துரை என்று சேர்த்துப் போடச் சொல்லுங்கள். போட்டோ எடுப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் எனக்குச் சொன்னால் போதும். குழி விழ வைக்க அவ்வளவு நேரம் வேண்டும்.